மாதவிடாய் நின்ற பிறகு வளர்ச்சி ஹார்மோன் ஊசி: யாருக்கு, எவ்வளவு, எப்படி

வளர்ச்சி ஹார்மோன் ஊசியைப் பற்றி யோசிக்கும்போதே ஒரு கேள்விக்கு விடை தேடிவிட வேண்டும். உங்களுக்கு இருப்பது வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்ற நோயா, வயதால் அந்த ஹார்மோன் இயல்பாகக் குறைந்திருக்கும் நிலையா? இரண்டுக்கும் ஒரே மருந்துதான் விற்கிறார்கள். ஆனால் முதலாவதற்கு அது சிகிச்சை. இரண்டாவதற்கு அது பெரும்பாலும் வீண் செலவு, கூடவே ஆபத்து.

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது, முக்கியமாக ஆழ்ந்த உறக்கத்தில். இளமையின் உச்சத்துக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் சுரப்பு ஏறத்தாழ 14 சதவீதம் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது, தசை குறைவது, எலும்பு மெலிவது, களைப்பு, தூக்கக் கெடுதி எல்லாம் வருவது பலருக்கும் தெரியும். வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டின் அறிகுறிகளும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். அதனால் அறிகுறியை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் ஊசியைத் தொடங்கக் கூடாது. தொடங்கினால் வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.

யாருக்குச் சந்தேகப்பட வேண்டும்

பிட்யூட்டரிக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும். சுரப்பியில் கட்டி, அதற்கான அறுவை, தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு, பலமான தலைக்காயம், மூளையில் ரத்தக்கசிவு, சிறுவயதிலிருந்தே இருக்கும் குறைபாடு ஆகியவை முதன்மையான காரணங்கள். தலைக்காயம் என்றால் குறைந்தது ஓராண்டு பொறுத்துத்தான் சோதிக்க வேண்டும். பலருக்கு அதற்குள் சுரப்பு தானாகவே மீண்டுவிடுகிறது.

பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டியது பிரசவத்தைப் பற்றி. பிரசவத்தில் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டால் பிட்யூட்டரிக்கு ரத்தம் போதாமல் அதன் ஒரு பகுதி கருகிவிடும். இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். குழந்தை பிறந்த பின் பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்ப வரவில்லை, அன்றிலிருந்தே களைப்பு என்று சொல்பவர்களுக்கு இந்த நோய் பத்து இருபது ஆண்டுகள் கழித்துக்கூடத் தெரியவரும். 'சீக்கிரமே மாதவிடாய் நின்றுவிட்டது' என்று நினைத்துக்கொண்டே காலம் போயிருக்கும்.

இங்கே கைகொடுக்கும் எளிய ரத்தப் பரிசோதனை எஃப்.எஸ்.எச்., அதாவது சினைப்பைகளைத் தூண்டப் பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன். மாதவிடாய் இயல்பாக நின்ற பெண்ணுக்கு, அவர் ஈஸ்ட்ரோஜன் எதுவும் எடுக்காதபோது, எஃப்.எஸ்.எச். நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். சினைப்பைகள் ஓய்ந்துவிட்டதால் பிட்யூட்டரி முழுவேகத்தில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். அறுபது வயதுப் பெண்ணின் அறிக்கையில் எஃப்.எஸ்.எச். இளம்பெண்ணுக்கு உரிய அளவில் இருந்தால் அதை 'நார்மல்' என்று படித்துவிட்டு நகரக் கூடாது. பிட்யூட்டரி வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல் தடயமாக இருக்கலாம்.

எப்படி உறுதிசெய்வது

ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோனை அளப்பதால் பயன் இல்லை. அலையலையாகச் சுரப்பதால் ஆரோக்கியமானவருக்கும் பகலில் கிட்டத்தட்டப் பூச்சியமாகவே இருக்கும். அதற்குப் பதில் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனை அளக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் இதன் அளவு அப்படி ஏறி இறங்காமல் நிலையாக இருக்கும். ஆனால் ஐ.ஜி.எஃப்-1 இயல்பாக இருந்தாலும் குறைபாடு இருக்கலாம். ஊட்டக்குறைவு, கல்லீரல் நோய், கட்டுப்படாத சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ஆகியவற்றால், குறைபாடு இல்லாதவருக்கும் அது தாழ்ந்து தெரியலாம். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஆய்வகத்தில் அதைச் சொல்ல வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது முடிவைத் திரித்துவிடும்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிட்யூட்டரி ஹார்மோன்கள் ஏற்கெனவே குறைந்து, ஐ.ஜி.எஃப்-1-ம் தாழ்ந்திருந்தால் வேறு சோதனை தேவையில்லை. மற்றவர்களுக்குத் தூண்டல் சோதனை வேண்டும், அதாவது சுரப்பைத் தூண்டும் மருந்தைக் கொடுத்து வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது.

மாதவிடாய் நின்ற வயதினருக்கு அதிகம் பொருந்துவது குளுக்ககான் சோதனை. வெறும் வயிற்றில் வந்து, தசையில் 1 மி.கி. குளுக்ககான் (எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் 1.5 மி.கி.) ஊசி போட்டுக்கொண்டு, 3 முதல் 4 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். உச்சம் மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டவில்லை என்றால் குறைபாடு. உடல் பருமன் இருந்தால், அதாவது பி.எம்.ஐ. 30-க்கு மேல் என்றால், வரம்பை 1 என்று வைக்கிறார்கள். கொழுப்பு மிகுந்த உடலில் ஹார்மோன் சுரப்பு இயல்பாகவே மங்கியிருக்கும். பழைய வரம்பையே வைத்தால் நோய் இல்லாதவர்களும் நோயாளிகளாகிவிடுவார்கள். இந்தச் சோதனையில் குமட்டல் சகஜம். முடிந்த பின் சர்க்கரை தாமதமாகத் தாழக்கூடும் என்பதால் வீட்டுக்குப் போனதும் அன்றைக்கு முழுக்கச் சிறுகச் சிறுகச் சாப்பிடுங்கள்.

இன்சுலின் சோதனைதான் நெடுங்காலமாக அளவுகோல். அதில் ரத்தச் சர்க்கரையை வேண்டுமென்றே 40-க்குக் கீழே இறக்க வேண்டும். வலிப்பு, இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் இது ஏற்றதல்ல. மாசிமோரெலின் என்ற வாய்வழிச் சோதனை எளிது. கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் குடித்து, 30, 45, 60, 90-ஆவது நிமிடங்களில் ரத்தம் கொடுத்தால் போதும், வரம்பு 2.8. இ.சி.ஜி.-யில் தெரியும் கியூ.டி. இடைவெளியை நீட்டும் மருந்துகளை எடுப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

முதல் ஊசிக்கு முன்

கார்ட்டிசாலையும் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) தைராய்டையும் சரிபார்க்காமல் முதல் ஊசி போடக் கூடாது. வளர்ச்சி ஹார்மோன் உடலில் கார்ட்டிசோன் கார்ட்டிசாலாக மாறுவதைக் குறைக்கிறது. தைராக்சின் (டி4) என்ற தைராய்டு ஹார்மோன் டி3-ஆக மாறுவதைக் கூட்டுவதால் ரத்தத்தில் டி4 தாழ்கிறது. அதனால் வெளியே தெரியாமல் இருந்த அட்ரீனல் குறைபாடு, ஊசி தொடங்கிய சில வாரங்களில் வெளிப்பட்டுவிடும். வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் தாழ்வது எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்களுக்கு அதன் அளவைக் கூட்ட நேரிடலாம்.

வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுப்பவரின் கார்ட்டிசால் அறிக்கையைப் படிப்பதில் ஒரு தடுமாற்றம் உண்டு. கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தை அந்த மாத்திரை கூட்டுவதால் மொத்த கார்ட்டிசால் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். போதுமானது போலத் தோன்றும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இவற்றோடு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்.பி.ஏ.1.சி.-யும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்புப் பரிசோதனை, பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ., டெக்ஸா எலும்பு அடர்த்தி ஸ்கேன், மேமோகிராம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றையும் பதிந்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கண் விழித்திரையையும் பார்த்துவிட வேண்டும். செயல்பாட்டில் உள்ள புற்றுநோய், முற்றிய நிலையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கும் நீரிழிவு விழித்திரை நோய், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும் அளவுக்குக் கடும் நோய் ஆகியவை இருக்கும்போது ஊசியைத் தொடங்கக் கூடாது. 1999-இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அதிக அளவில் இந்த ஹார்மோன் கொடுத்தபோது இறப்பு ஏறத்தாழ இரு மடங்காகியது. அந்த எச்சரிக்கை இன்றும் மருந்துத் தாளில் இருக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையா, பட்டையா?

மாதவிடாய் நின்ற பெண்ணின் சிகிச்சை தடம் புரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஹார்மோன் மருத்துவர் ஊசியின் அளவை முடிவுசெய்வார். பெண்கள் நல மருத்துவர் ஈஸ்ட்ரோஜனை எழுதுவார். இருவருக்கும் இடையே பேச்சு இருக்காது.

வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அது வளர்ச்சி ஹார்மோனின் கட்டளையை மட்டுப்படுத்துவதால் ஐ.ஜி.எஃப்-1 குறைகிறது. அதே ஐ.ஜி.எஃப்-1 அளவை எட்ட, ஊசியின் அளவைக் கணிசமாகக் கூட்ட வேண்டியிருக்கிறது. தோலில் ஒட்டும் பட்டையோ தோலில் தடவும் ஜெல்லோ கல்லீரலை முதலில் தொடாமல் ரத்தத்தில் கலப்பதால் இந்தத் தடை மிகவும் குறைவு. பிறப்புறுப்பு வறட்சிக்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நடைமுறையில் இதன் பொருள்: மெனோபாஸ் ஹார்மோன் சிகிச்சை தேவைப்படும் ஒருவர் வளர்ச்சி ஹார்மோனும் எடுக்கப் போகிறார் என்றால் பட்டையையோ ஜெல்லையோ தேர்ந்தெடுப்பதே நல்லது. ஊசியின் அளவும் செலவும் குறையும். மாத்திரையிலேயே இருப்பவர், அதை மாற்றும் நாளில் ஊசியையும் நினைக்க வேண்டும். மாத்திரையோடு 0.6 மி.கி. ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பெண் ஒருவர், ரத்தக்கட்டு அபாயத்தை நினைத்துப் பட்டைக்கு மாறுகிறார் என்று வையுங்கள். ஊசியின் அளவு அப்படியே தொடர்கிறது. கல்லீரலின் தடை விலகியதும் ஐ.ஜி.எஃப்-1 ஏறுகிறது. சில வாரங்களில் காலையில் விரல்கள் விறைக்கின்றன, மோதிரம் இறுகுகிறது, இரவில் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. இதை மூட்டுவாதம் என்று நினைத்து வலிமாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. செய்ய வேண்டியது ஊசியைக் குறைப்பதுதான். மாத்திரையை நிறுத்தினாலும் இதே கதைதான். எந்தத் திசையில் மாறினாலும் 4 முதல் 6 வாரங்களில் ஐ.ஜி.எஃப்-1 பாருங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் ராலாக்சிஃபீன், மார்பகப் புற்றுநோய்க்குப் பின் தரும் டமாக்சிஃபன் ஆகியவையும் ஐ.ஜி.எஃப்-1-ஐத் தாழ்த்துகின்றன. மருந்துப் பட்டியலைச் சொல்லும்போது இவற்றை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவில் தொடங்குவது

எடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுப்பது குழந்தைகளுக்கு உரிய முறை. பெரியவர்களுக்கு அப்படிக் கொடுத்த காலத்தில்தான் பக்க விளைவுகள் மலிந்தன. இன்று 30 முதல் 60 வயதுக்குள் நாளொன்றுக்கு 0.2 முதல் 0.3 மி.கி., 60-ஐக் கடந்தவர்களுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. என்று தொடங்குகிறார்கள். சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தால் வயது எதுவானாலும் 0.1 முதல் 0.2. பிறகு 1 முதல் 2 மாதத்துக்கு ஒருமுறை 0.1 முதல் 0.2 மி.கி. மட்டும் கூட்ட வேண்டும். வயது கூடக்கூட 0.1-க்கு மேல் ஒரே தடவையில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

இலக்கு, உங்கள் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய ஐ.ஜி.எஃப்-1 வரம்புக்குள் இருப்பது. ஆய்வக அறிக்கையில் வயதுவாரியான வரம்பு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முப்பது வயதுக்காரரின் வரம்போடு அறுபத்தைந்து வயதுப் பெண்ணின் எண்ணை ஒப்பிட்டால் எப்போதும் 'குறைவு' என்றே வரும், ஊசி ஏறிக்கொண்டே போகும். வரம்பின் நடுப்பகுதி இந்த வயதில் போதும். எண் நடுவில் இருந்தும் வீக்கமும் மூட்டுவலியும் இருந்தால் உடல் சொல்வதைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை போடும் சோமாபாசிட்டனை அமெரிக்காவில் 2020-இல் பெரியவர்களுக்கு அனுமதித்தார்கள். வழக்கமான தொடக்க அளவு வாரத்துக்கு 1.5 மி.கி.; 65 வயதும் அதற்கு மேலும் என்றால் 1 மி.கி.; வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் பெண்களுக்கு 2 மி.கி. உச்ச வரம்பு 8 மி.கி. இதில் ஐ.ஜி.எஃப்-1 வாரம் முழுக்க ஏறி இறங்கும் என்பதால் ஊசி போட்ட 3 அல்லது 4-ஆவது நாளில் ரத்தம் கொடுத்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. ஊசி போட மறந்தால் 3 நாளுக்குள் போடலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த முறைக்குப் போய்விடுங்கள்.

ஊசி போடும் முறை

மருந்துப் பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த மருந்தைப் பிறகு இளக்கினாலும் பயன்படுத்தக் கூடாது. திறந்த பின் எத்தனை நாள் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பலவற்றில் 28 நாள். திறந்த தேதியைப் பேனாவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பொடியைக் கரைக்கும் வகை என்றால் திரவத்தை மெல்லப் பாட்டிலின் சுவரோரமாக விட்டு, சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் சிதையும். கலங்கலோ துகளோ தெரிந்தால் தூக்கிப்போடுங்கள்.

இரவு படுக்கும் முன் போடுவது உடலின் இயல்பான சுரப்போடு ஒத்துப்போகும். கையைக் கழுவி, புதிய ஊசிமுனையை மாட்டி, பேனாவின் குறிப்பில் சொன்னபடி ஒரு துளி வெளியே வரும்வரை சோதித்து, பிறகு அளவைத் திருப்புங்கள். தொப்புளிலிருந்து இரண்டு விரலாவது தள்ளி வயிற்றிலோ தொடையின் முன்புறத்திலோ போடலாம். 4 அல்லது 5 மி.மீ. ஊசிமுனை பெரும்பாலோருக்குப் போதும். பொத்தானை முழுக்க அழுத்திய பின் பத்து வரை எண்ணி எடுங்கள். அவசரமாக உருவினால் மருந்து தோலில் வழிந்துவிடும். தினமும் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கொழுப்பு கரைந்து குழி விழும், மருந்தும் சீராக ஏறாது.

அளவில் நேரும் பெரிய தவறு யூனிட்டையும் மில்லிகிராமையும் குழப்பிக்கொள்வது. 1 மி.கி. என்பது 3 யூனிட். 0.3 மி.கி. எழுதித் தந்தால் அது 0.9 யூனிட். மருந்துச் சீட்டில் இரண்டில் எது என்று தெளிவாக இல்லாவிட்டால் போடாமல் கேளுங்கள். இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் இன்சுலின் யூனிட்டுக்கானவை. அவற்றை வளர்ச்சி ஹார்மோன் யூனிட்டாக எண்ணக் கூடாது.

என்ன மாறும், எப்போது

அளவு நிலைபெறும் வரை 1 முதல் 2 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் ஐ.ஜி.எஃப்-1 பாருங்கள். டி4, கார்ட்டிசால், சர்க்கரை, கொழுப்பு ஆகியவையும் கூடவே. வீக்கம், மூட்டுவலி, கை மரப்பு எல்லாம் அளவைச் சார்ந்தவை. குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். பெண்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும், பருமனானவர்களுக்கும் இவை அதிகம் வருகின்றன. தீராத தலைவலியோடு பார்வை மங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூளையைச் சுற்றிய திரவத்தின் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

உடலமைப்பு மாற்றம் முதல் ஆறு மாதத்தில் தெரியத் தொடங்கும். எடை மெஷின் அதைக் காட்டாது, ஏனென்றால் கொழுப்பு குறையும்போதே தசையும் நீரும் கூடுகின்றன. இடுப்புச் சுற்றளவை அளப்பதே பயன்.

எலும்பில்தான் பொறுமை வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் எலும்பை முதலில் கரைத்து, பிறகு கட்டுகிறது. முதல் ஆறு மாதங்களில் கரைவதே மேலோங்குவதால் அடர்த்தி சற்றுக் குறைந்துகூடத் தெரியலாம். அடர்த்தி கூடுவது தெரிய ஒன்றரை ஆண்டு ஆகும். அதனால் ஆறே மாதத்தில் டெக்ஸா எடுத்துப் பார்த்து மனம் உடைய வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டிருந்த, எலும்புத் தேய்மானம் உள்ள மாதவிடாய் நின்ற பெண்கள் 80 பேரிடம் சுவீடனில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டு ஊசிக்குப் பின் எலும்பின் கனிம அளவு கூடியது. ஊசியை நிறுத்திய பின்னும் பலன் தொடர்ந்தது. அதை வைத்து இதை எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்புமுறிவைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்ட மருந்துகள் வேறு இருக்கின்றன. அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வயிற்றுப் பருமன் உள்ள மாதவிடாய் நின்ற பெண்களிடம் 2005-இல் வெளியான ஓராண்டு ஆய்விலும் உள்ளுறுப்புக் கொழுப்பு குறைந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் 40 பேர்தான். அது சிகிச்சைக்கான அனுமதியாக மாறவில்லை.

வயதைக் குறைக்க என்று விற்கப்படும் ஊசி

இந்தப் பிரசாரம் தொடங்கியது 1990-இல் வெளியான ஒரு சிறு ஆய்விலிருந்து. அதில் பங்கெடுத்தவர்கள் எல்லோரும் 60 வயதைக் கடந்த ஆண்கள். பெண் ஒருவர்கூட இல்லை. பெண்களையும் சேர்த்து 65 முதல் 88 வயதினரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட பெண்களுக்குத் தசைநிறை கூடியது; வலிமை கூடவில்லை. அவர்களில் 39 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது. 2007-இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஆரோக்கியமான முதியவர்களுக்கு ஏறத்தாழ 2 கிலோ கொழுப்பு குறைந்து 2 கிலோ தசைநிறை கூடியதே மிச்சம். அமெரிக்காவில் வயது மூப்பைத் தடுக்க என்று இதை விநியோகிப்பது சட்டப்படி குற்றம். சொட்டாகவும் நாவின் கீழ் தெளிக்கும் ஸ்பிரேயாகவும் விற்பவற்றை வாங்கவே வேண்டாம். 191 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் இது. வாய்வழி எடுத்தால் ரத்தத்தில் சேராமல் செரித்துவிடும்.

எப்போது நிறுத்துவது

குறைபாடு உறுதியானவர்களுக்கும் ஊசி ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 12 முதல் 18 மாதங்கள் சரியான அளவில் போட்டும் உற்சாகம், உடலமைப்பு, கொழுப்பு, எலும்பு எதிலும் மாற்றம் இல்லை என்றால் நிறுத்தலாம். பிரிட்டனில் 9 மாதங்களிலேயே மறுபரிசீலனை செய்கிறார்கள். அங்கே 25 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தர வினாத்தாளில் குறைந்தது 7 புள்ளிகள் முன்னேற்றம் இருந்தால்தான் தொடர்வார்கள். தொடங்கும் முன்பே அந்த வினாத்தாளை நிரப்பி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் தைராக்சின், ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்கள் சில வாரங்களில் அவற்றின் அளவை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஊசிக்காகக் கூட்டிய அளவு இப்போது மிகையாக இருக்கலாம்.